மணி ஆகட்டும்

பதினொன்று முப்பத்தைந்து. ஷட்டரைத் தரையிலிருந்து நாலு விரல் மட்டும் தூக்கி வைத்திருக்கிறேன், உள்ளே புழுக்கம், கொஞ்சம் காற்று வரட்டும் என்று. அதற்கு மேல் தூக்கினால் கடை திறந்ததாகிவிடும், பன்னிரண்டுக்கு முன்னால் திறக்கக் கூடாது, அது சட்டம். அந்தச் சந்து வழியாகக் கால்கள் தெரிகின்றன. கால்கள் மட்டும். சிமெண்டு காய்ந்த கால், பஞ்சுத் தூசி படிந்த கால், வார் பிய்ந்து ஊக்கு குத்திய செருப்பு, செருப்பே இல்லாத கால். இருபது வருடமாக இப்படிக் கம்பி வலைக்குப் பின்னால் நின்று பிராந்தி பாட்டில் எடுத்துக் கொடுக்கிறேன், சென்னியப்பன், எம்.ஏ. வரலாறு, பதவி விற்பனையாளர். இன்றைக்குக் கூட்டம் அதிகம். உள்ளாட்சித் தேர்தலுக்காக ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்குச் சாத்திய கடை. திங்கள் கிடையாது, நேற்று ஓட்டுப்பதிவு, நேற்றும் கிடையாது, இன்று புதன், பன்னிரண்டு மணிக்குத்தான். காலை ஒன்பதிலிருந்து வந்து நிற்கிறார்கள். யாரும் பேசவில்லை. எழவு வீட்டு வாசலில்கூட யாராவது ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள். பின்னால் சந்துக்குச் சந்து விசைத்தறிகள் அடித்துக்கொண்டிருக்கின்றன, பள்ளிபாளையத்தில் பிறந்தவனுக்கு அது சத்தம் இல்லை, நின்றால்தான் சத்தம். சூப்பர்வைசர் குணசேகரன் மூலையில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து தேர்தல் செய்தி படிக்கிறார். இருபத்தைந்து நிமிடம். இருபத்தைந்து நிமிடம் என்ன, ஒரு டீ குடித்தால் போய்விடும்.

அப்போதுதான் அந்தக் குரல். "அண்ணா. உள்ள இருக்கறீங்களாண்ணா?" பொம்பளைக் குரல். சந்தில் ஒரு ஜோடிக் கால், கறுத்துப்போன மெட்டி, பாதத்தில் வெடிப்பு. அதை ஒட்டி இன்னொரு ஜோடி, ஆம்பளைக் கால், வெறுங்கால், அது நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே ஆடுகிறது, தறிமேடை மேல் வைத்த தம்ளர் மாதிரி. எனக்குத் தெரியும் அந்தக் கால். அர்த்தனாரி. வாய்க்கால் பக்கம் தறி ஓட்டுகிறவன், தினம் இரண்டு வேளை வருகிறவன், சில்லறையைக் கையில் மூடி வைத்துக்கொண்டு, என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேட்காமல் என் முகத்தையே பார்ப்பான், நானும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பேன். அப்படியென்றால் இவள் அவன் சம்சாரம், பூங்கொடி. போன ஆடியில் வந்தாளே. இதே வாசலில் நின்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி இந்தக் கடை மேல் வீசி, "என் குடி எப்படி முழுகுதோ அப்படியே உங்க குடியும் முழுகணும்டா"ன்னு அடிவயிற்றிலிருந்து கத்தினாளே, மண் வலைக்குள் புகுந்து என் சட்டைப்பையில்கூட விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகளிடம் அந்தச் சட்டையைத் தோய்க்கக் கொடுக்கவில்லை, நானே தோய்த்தேன். அவள் குரலா இது. "அண்ணா, கும்புடறனுங். ஒரே ஒரு மூடி. வாயில வுட்டாப் போதுங். ஞாயித்துக்கெழம ராத்திரியோட தீந்துபோச்சு. அதுலருந்து ஒரு பருக்க எறங்கல, ஒரு பொட்டுக் கண்ண மூடல." நான் குனியவில்லை. நின்றபடியே சொன்னேன், "மணி ஆகட்டும்மா." "ஒடம்பு நெருப்பாக் கொதிக்குதுங்ணா. செவுத்துல பூச்சி ஊருதுங்கறாரு. பாவு அறுந்துருச்சு, தறிய நிறுத்து, தறிய நிறுத்துன்னு ராத்திரிப்பூரா ஒரே கத்து. ஆசுபத்திரிக்கு வாங்கன்னா கைய ஒதறிட்டு ஓடறாரு. நடுக்கம் நின்னா வந்துருவாருங். நானே கூட்டிட்டுப் போறனுங்." மணி ஆகட்டும்மா. இரண்டாவது தடவை சொன்னபோது எனக்கே அது என் குரலாகப் படவில்லை, சுவரில் எழுதிப் போட்டிருக்கிற மாதிரி இருந்தது. குணசேகரன் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் கேட்டார், "யாருப்பா அது?" "ஒண்ணுமில்ல சார். அவசரப்படறாங்க." "அவசரம் யாருக்குத்தான் இல்ல." பக்கம் திருப்பினார்.

கொடுத்தால் என்ன. ஒரு குவார்ட்டர் படுக்கவைத்துத் தள்ளினால் நாலு விரல் சந்தில் சரியாகப் போகும், அளந்து செய்த மாதிரி. கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்னால், அது வேறு கடை, ஆலைப் பக்கம், காலை ஒன்பது மணிக்கு ஒருத்தர் வந்தார், மெக்கானிக், நல்ல மனுசன், கை நடுங்குகிறது ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை என்றார். பின்கதவு வழியாகக் கொடுத்தேன். பாவம் என்றுதான் கொடுத்தேன், சாமி சத்தியமாக, ஒரு ரூபாய் அதிகம் வாங்கவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஆலை முன்னால் லாரிக்கு அடியில் அவருடைய வண்டி. போலீஸ் கேட்டது, காலையில் இவருக்கு எங்கே கிடைத்தது. நாலு மாதம் வேலை இல்லை. வேலை போனதுகூடப் பரவாயில்லை, விசாரணை அன்றைக்கு அந்த வீட்டம்மா வந்திருந்தாள், திட்டவில்லை, அழவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டாள், "பன்னெண்டு மணிக்கு வாங்கன்னு சொல்லியிருந்தா வேலையப் பாக்கப் போயிருப்பாருங்களே?" அவ்வளவுதான். அன்றிலிருந்து பன்னிரண்டு எனக்கு மணி இல்லை, கோடு. முன்பெல்லாம் காலை பத்துக்கே திறந்தோம், பிறகு பன்னிரண்டு ஆக்கினார்கள், ஆக்கிய புதிதில் எல்லாரும் சிரித்தோம், இரண்டு மணி நேரத்தில் யார் திருந்தப் போகிறான் என்று. ஆனால் எனக்கு அப்புறம் தோன்றியது, அந்த இரண்டு மணி நேரத்தில் எவனாவது ஒருத்தன் நாலு இட்லி தின்றிருப்பான், ஒருத்தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருப்பான், ஒருத்தன் லாரிக்கு அடியில் போகாமல் இருந்திருப்பான். சட்டம் சும்மா போடமாட்டார்கள். யாரோ செத்த பிறகுதான் சட்டம் வருகிறது, வரலாறு படித்தவனுக்கு அது தெரியாதா. ஆனால் அந்தச் சட்டத்தைப் போட்டவர்களுக்கு அர்த்தனாரியைத் தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவதால்தான் கொடுக்கக் கூடாது, தெரிந்தவனுக்குக் கொடுத்துத்தான் மெக்கானிக் செத்தார். அர்த்தனாரியிடம் வண்டி இல்லையே. வண்டி இல்லை, வாய்க்கால் இருக்கிறது. சம்சாரம் கூட இருக்கிறாளே. மெக்கானிக்குக்கும் சம்சாரம் இருந்தாள். மேலே கேமரா சிவப்பாகக் கண் விழித்துக்கொண்டிருக்கிறது. பதினொன்று நாற்பத்திரண்டு. பதினெட்டு நிமிடம். அறுபது மணி நேரத்துக்கு மேல் தாங்கியவன் பதினெட்டு நிமிடம் தாங்கமாட்டானா. தாங்குவான். தாங்கிவிடுவான்.

கால் மடங்கியது. அர்த்தனாரி உட்கார்ந்துவிட்டான், ஷட்டர் ஓரமாக, அதனால் இப்போது கை தெரிகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பினேன், திரும்பவும் பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ தேடி எடுக்கின்றன, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு சுற்று, ஒரு இழுப்பு, முடிச்சு. அடுத்தது. திரும்பவும் தேடல், எடுப்பு, சுற்று, முடிச்சு. அறுந்த இழையைக் கட்டுகிறான். இல்லாத பாவில் இல்லாத இழை. என் அப்பா கட்டிப் பார்த்திருக்கிறேன், இந்த ஊரில் எல்லார் அப்பாவும் கட்டுவார்கள், ஆனால் இவ்வளவு வேகமாக, இவ்வளவு சுத்தமாக யாரும் கட்டிப் பார்த்ததில்லை, அப்படி நடுங்கும் கை அந்த முடிச்சு போடும் நொடியில் மட்டும் நடுங்கவில்லை. "பூங்கொடி, அந்த வெளக்கப் போடு, இழ தெரியல" என்கிறான். நட்டநடு வெயில். அவள் "போட்டுட்டன், போட்டுட்டன், கட்டுங்க" என்கிறாள். அந்தக் குரலில் ஒரு பொறுமை இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. நான் ஏன் அதை இப்போது நினைக்கிறேன். நினைக்க வேண்டியது வேறு எதையோ. வேறு ஏதோ ஒன்று இருக்கிறது, நாக்கு நுனியில் பேர் நிற்கிற மாதிரி, கொடு, கொடுக்காதே என்கிற இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்று, ஆனால் எட்டிப் பிடிக்கப் போனால் மெக்கானிக்கின் சம்சாரம் வந்து நிற்கிறாள், கேமரா வந்து நிற்கிறது, மகளுடைய கல்லூரி வந்து நிற்கிறது. பதினொன்று நாற்பத்தெட்டு. என் கை ரேக்கில் போய் ஒரு குவார்ட்டரை எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, கை எடுத்தது. "சென்னியப்பா," என்றார் குணசேகரன், இப்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டார், "வேண்டாம்." "சார், அவனுக்கு என்னமோ ஆகுது சார்." "பன்னெண்டு நிமிசம். அதுக்குள்ள என்ன ஆயிரும்? உனக்குத்தான் ஒரு தடவ பட்டிருக்கு." நியாயம்தான். அவர் கெட்டவர் இல்லை, எனக்காகத்தான் சொல்கிறார். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கண்ணாடி என் கைச்சூட்டில் சூடாகிறது. வெளியே முடிச்சு போடும் விரல் நின்றுவிட்டது. அப்பாடா, தூங்கிவிட்டான் போல என்று நினைத்தேன், நினைத்தேனே, அந்த நினைப்புக்குள் எனக்கு எவ்வளவு நிம்மதி இருந்தது என்பதை எப்படிச் சொல்ல. பிறகு ஷட்டர் தடதடவென்று அடித்தது. யாரோ ஓங்கி உதைக்கிற மாதிரி, விடாமல், ஒரே சீராக. உதைக்கவில்லை. அவன் தலை.

பக்கக் கதவைத் திறந்து ஓடினேன். வெயில் முகத்தில் அறைந்தது. அர்த்தனாரி விறைத்துக் கிடக்கிறான், முதுகு வில்லாக வளைந்து, கண் வெள்ளையாக, பல் கிட்டி, வாயோரம் ரத்தமும் நுரையும். பூங்கொடி அவன் தலைக்கும் ஷட்டருக்கும் நடுவில் தன் இரண்டு கையையும் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொரு அடியும் அவள் புறங்கையில் விழுகிறது. என் கையில் பாட்டில். மூடியைத் திருகிவிட்டேன் என்பதுகூட அப்போதுதான் தெரிந்தது. எங்கே ஊற்றுவது, பல்லுக்கு நடுவே ஊசி நுழையாது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், கேட்டாள், "மணி ஆயிருச்சுங்களாண்ணா?" கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டாள். மணி தெரியாமல். அதற்குள் வரிசை உடைந்துவிட்டது, "அவனுக்கு மட்டும் குடுக்கறியா?" "நாங்க என்ன வேலவெட்டி இல்லாம நிக்கறமா?" என்று மொய்த்தார்கள், என் கையிலிருந்த பாட்டில் எப்போது போனது, யார் பிடுங்கினான், தெரியவில்லை. ஊக்கு குத்திய செருப்புக்காரர் மட்டும், வயதானவர், "தள்ளுங்கடா, வலிப்புடா"ன்னு கத்திக்கொண்டே அர்த்தனாரியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், ரோட்டில் போன ஒரு ஆட்டோவை மறித்தார். நாலு பேர் தூக்கினோம். அவ்வளவு லேசாக இருந்தான். ஆட்டோவுக்குள் அவள் ஏறினாள், தலையை மடியில் வாங்கினாள், கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, யாராவது பிடிக்க வேண்டும், நான் ஏறிப் பிடித்துக்கொண்டேன். "சென்னியப்பா, மணி ஆகப்போகுது, எங்க போற?" குணசேகரன் பக்கக் கதவில் நின்று கத்துகிறார். ஆட்டோ காவிரிப் பாலம் ஏறும்போது நகராட்சிச் சங்கு ஊதியது, பன்னிரண்டு. ஷட்டர் ஏறியிருக்கும். என் இடத்தில் குணசேகரன் நின்று எடுத்துக் கொடுப்பார். ஆற்றில் தண்ணீர் சாயக் கலரில் கிடந்தது. அர்த்தனாரியின் பாதம் என் உள்ளங்கையில் கொதிக்கிறது, காய்ச்சல் இப்படிக் கொதிக்குமா. அப்போது, பாலத்தின் நடுவில், அந்த மூன்றாவது விஷயம் வந்தது, சர்வ சாதாரணமாக, யாரோ காதில் சொன்ன மாதிரி. போன். என் சட்டைப்பையில் போன் இருந்தது. பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் உடம்பு கொதிக்கிறது, பூச்சி ஊர்கிறது என்று சொன்னாளே, அப்போதே 108-க்கு ஒரு போன். ஒரு நிமிட வேலை. அதற்குச் சட்டம் இல்லை, கேமரா இல்லை, நேரம் காலம் இல்லை. கொடுப்பதா வேண்டாமா என்றே யோசித்தேன். இருபது வருடமாகக் கொடுப்பதும் கொடுக்காததும் மட்டுமே என் கையில் இருக்கிற விஷயம் என்று ஆகிப்போயிருக்கிறது. அவளும் அதையே கேட்டாள், நானும் அதையே மறுத்தேன், ஐம்பது பேர் அதற்கே காத்து நின்றார்கள், ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பெரியாஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் வந்தது, உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள், ஆட்டோவிலேயே ஒரு தடவை, வாசலில் இன்னொரு தடவை வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட ஐந்தாறு வயது மூத்திருப்பாள். "கடைசியா எப்பக் குடிச்சாரு?" பூங்கொடி முழித்தாள், "ஞாயித்துக்கெழமைங்" என்றாள். "மணி?" அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன், "சாயந்திரம் நாலு அம்பதுக்கு ரெண்டு குவார்ட்டர் வாங்கினாருங்க. ராத்திரியோட தீந்துருக்கும்." "நீங்க யாரு?" வாயைத் திறந்தேன். பூங்கொடி முந்திக்கொண்டாள். "எங்க அண்ணனுங்" என்றாள். உறவுக்காரர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்தாளோ, வேறு யாரைச் சொல்வாளோ, எனக்குத் தெரியாது. டாக்டர் என் பக்கம் திரும்பினாள், "அண்ணன்னா நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா? வருசக்கணக்காக் குடிக்கறவரு ஒடனே நிறுத்தினா இப்படித்தான் ஆகும். இதுக்கு ஊசி இருக்கு, மருந்து இருக்கு. நேத்தே கொண்டுவந்திருக்கணும். காலையிலருந்து என்ன பண்ணீங்க?" "காத்திருந்தோங்க" என்றேன். "எதுக்கு?" ஒரு தாளை நீட்டினாள், நோயாளி அபாய நிலையில் இருப்பதை அறிவேன் என்று அதில் போட்டிருந்தது, கீழே கையெழுத்து. போட்டேன். சென்னியப்பன் என்பது வேறு யாருடைய பெயரோ மாதிரி விழுந்தது. குணசேகரனிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, வரட்டும், நாளைக்கு விளக்கம் எழுதித் தரச் சொல்வார்கள், எழுதுவேன், பணி நேரத்தில் பணியிடத்தை விட்டுச் சென்றது. அதற்கு முன்னால் இருபது நிமிடம் பணியிடத்திலேயே நின்றதற்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

வராந்தாவில் உட்கார்ந்தோம், அவள் தரையில், நான் பெஞ்சில். அவள் புறங்கை இரண்டும் வீங்கிக் கன்றியிருந்தது, காட்டச் சொன்னேன், "அதுக்கென்னங்ணா" என்று முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்த மண் வீசிய கதையை அவள் எடுக்கவில்லை. "நல்ல மனுசனுங்" என்றாள், "குடிக்காதப்ப." பிறகு, "குடிக்காதப்பன்னு எப்பங் இருந்தாரு, கண்ணாலத்தன்னைக்கு இருந்தாரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஒரு சிரிப்புகூட வந்தது. வெள்ளைச் சுவர், பினாயில் வாசனை, இங்கே தறிச் சத்தம் இல்லை, காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. ஒரு மணி, ஒன்றரை. திரும்பிப் பார்த்தேன், தூணில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள், வாய் லேசாகத் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரி. மூன்று ராத்திரித் தூக்கம். ஒன்று ஐம்பதுக்கு டாக்டர் வெளியே வந்தாள். பூங்கொடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்து வந்தாள், அண்ணன் இல்லையா நான். "மறுபடியும் வலிப்பு வந்துச்சுங்க. இதயம் நின்னுருச்சு. எவ்வளவோ பாத்தோம்." மெதுவாகத்தான் சொன்னாள். "அவங்க கிட்ட நீங்களே சொல்லிருங்க." போய்விட்டாள். நான் எழுந்து பூங்கொடி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். எழுப்ப வேண்டும். எழுப்பாமல் இருக்கும் வரைக்கும் அவளுக்குப் புருசன் இருக்கிறான். ஒரு ஈ அவள் புறங்கையில் உட்கார்ந்தது, ஓட்டினேன், திரும்ப வந்தது, திரும்ப ஓட்டினேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. தோளைத் தொட்டேன். "அம்மா. பூங்கொடி." கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவள் முகம், தெளிவாக, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், எதுவும் நடக்காத ஒரு வீட்டில் யாரோ விருந்தாளி வந்து எழுப்பிவிட்டது போல. அப்புறம் என் முகத்தைப் படித்தாள்.